முறைப்பெண் மான்

அரபு நாட்டுப் பாலைவனத்தில் இன்றைக்கு ஓடித் திரியும் வெள்ளை மான்கள் அத்தனைக்கும் நான்தான் பெரியம்மா. சரி, அத்தனைக்கும் என்பது கொஞ்சம் அதிகம். பாதி என்று வைத்துக்கொள்வோம். பாதியும் அதிகம் என்று என் தங்கை ஃபிளோரா கண்ணை உருட்டுவதால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மான்களில் ஒரு கூட்டத்துக்குப் பல வருஷம் தீனி வைத்து, தண்ணீர் காட்டி, பேறுகாலம் பார்த்தவன் அவள் மகன் ஆல்பின். அவனுக்கு நான் பெரியம்மா. அவன் வளர்த்ததற்கெல்லாம் நான் பெரியம்மா ஆகமாட்டேனா?

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் எங்கள் ஊர். மாதா கோவில் தெருவில் ஃபிளோராவின் வீடும் எங்கள் தம்பி இருதயசாமியின் வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு குட்டிச்சுவர். ஆல்பின் ஏறி ஏறி அந்தச் சுவரில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. எட்டாம் வகுப்பில் அவனுக்கு விலங்கியல் நடத்தியவள் நான். மாட்டின் வயிற்றில் எத்தனை அறை என்று கேட்டால் கூரையைப் பார்ப்பான். ஆனால் தெருவில் ஒரு மாடு வயிறு உப்பி நின்றால், மணி அடிக்கும் முன்பே பெஞ்சைத் தாண்டிப் போயிருப்பான். அவன் அப்பா ரெமிஜியஸ் உழவு மாடுகளை விற்றுவிட்டு பவர் டில்லர் வாங்கியபோது, பையன் அந்த இயந்திரத்தைத் தொடவே இல்லை. "அதுக்குக் காது இல்ல பெரியம்மா, எதப் புடிச்சித் தடவுறது?" என்றான்.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் பாதிப் பேர் விமானம் ஏறிவிட்டார்கள். சிங்கப்பூர் கொஞ்சம், வளைகுடா நிறைய. ஆல்பினுக்கு இருபத்து நான்கு வயது ஆனபோது அதிராம்பட்டினத்திலிருந்து விசா ஏஜெண்ட் முகம்மது யூசுப் வந்தார்.

"என்னா வேலைங்க?" என்று ஃபிளோரா கேட்டாள்.

"மிருகம் பாத்துக்கிற வேலை தங்கச்சி."

"ஒட்டகமா?"

"ஒட்டகம் இல்ல. மானு, ஒட்டகச்சிவிங்கி, காட்டுக்கழுத இதெல்லாம். பெரிய பணக்காரரு ஒருத்தரு பண்ணை வச்சிருக்காரு. சில மிருகத்துக்கு ஏசி போட்டிருக்காங்களாம்."

"எம் புள்ளைக்கு?"

யூசுப் கொஞ்சம் யோசித்தார். "மிருகத்துக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டா சரியாப் போச்சி."

அவன் கிளம்புவதற்கு முன் ஒரு பேச்சை உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. அது விண்ணரசியைப் பற்றியது. அவள் இருதயசாமியின் மகள்; ஆல்பினுக்குத் தாய்மாமன் மகள். அவள் பிறந்த அன்றே ஃபிளோரா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "என் மருமவளுக்குத் தல நிறைய முடி பாரு" என்று அறிவித்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பெரியப்பா மகளும் சித்தப்பா மகளும் கூடப் பிறந்த மாதிரி. அவர்களை வைத்துக் கேலிகூடப் பேசமாட்டோம். பெரியம்மா மகள், சின்னம்மா மகளும் அப்படியே. ஆனால் தாய்மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள். வேறு இடம் பார்த்தால்தான் ஊர் காரணம் கேட்கும். எங்கள் அம்மா கட்டியது அவர் அத்தை மகனை. ஃபிளோரா கட்டியதும் எங்கள் அத்தை மகனைத்தான். நாங்கள் கத்தோலிக்கர் என்பதால், இவ்வளவு நெருங்கிய சொந்தத்தில் கட்ட ஆயரின் அனுமதி வேண்டும். அதற்குப் பங்குச் சாமியார் மனு எழுதுவார், ஆயர் கையெழுத்துப் போடுவார். எங்கள் குடும்பத்துக்கு அது முகூர்த்தப் புடவை எடுப்பது மாதிரி ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஆல்பினும் விண்ணரசியும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே வாய்க்காலில் குதித்து வளர்ந்தவர்கள். அவனை அத்தான் என்று கூப்பிடச் சொல்லி அவள் அம்மா தலையில் குட்டுவாள். அவள் "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு, "டேய் ஆல்பின்" என்று சுவர் ஏறுவாள். அவன் வளைகுடாவுக்குப் போனபோது அவள் கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். யாரும் அவர்கள் இருவரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அந்தச் சுவரின் பள்ளத்தைப் பார்த்து நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

ஆல்பினுக்குக் கடிதம் எழுதச் சோம்பல். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவான். ஞாயிறு பூசை முடிந்து இருதயசாமி வீட்டு டேப் ரெக்கார்டரைச் சுற்றி எல்லோரும் உட்காருவோம்.

அந்தப் பண்ணைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் வேடிக்கை பார்க்க வருவதில்லை என்று முதல் கேசட்டில் சொன்னான். பாலைவனத்தில் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியால் தீர்த்துக்கட்டிய மிருகங்களை அங்கே மறுபடியும் பெருக்குகிறார்கள். அதில் முக்கியமானது ஒரிக்ஸ் என்கிற வெள்ளை மான். மான் என்று பெயரே தவிர, கிட்டப் போனால் மாட்டுச் சாதிதானாம். உடம்பு வெள்ளை, கால் கருப்பு, தலையில் ஈட்டி மாதிரி நேராக இரண்டு நீளக் கொம்பு. காட்டில் ஒன்றுகூட மிஞ்சாத காலத்தில், மனிதர் கையில் இருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றிலிருந்துதான் இன்றைக்கு இருப்பவை எல்லாம் பெருகியவையாம்.

பண்ணைக்குப் பெரிய டாக்டர் ஜெக்கரியா. தரங்கம்பாடிக்காரர், லூத்தரன் சபை. எந்த மிருகத்தை வாங்குவது என்பது அவர் கையில். ஓடுவதற்கு இடம் இருக்கிறதா, நம் தரையை அதன் குளம்பும் நம் தீனியை அதன் வயிறும் தாங்குமா, அதற்கு ஜோடி எங்கேயாவது கிடைக்குமா, இதையெல்லாம் பார்த்துத்தான் சம்மதிப்பார். ஒருமுறை முதலாளிக்கு அவருடைய சிநேகிதர் ஒற்றைக் காண்டாமிருகம் ஒன்றைப் பரிசாகத் தர வந்தாராம். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். "ஒத்தையா வாங்கி வச்சா ஆயுசு முழுக்க அது நம்ம மூஞ்சியப் பாக்கணும், நாம அது மூஞ்சியப் பாக்கணும். ரெண்டு பேருக்கும் பாவம்" என்றாராம்.

கொட்டகை கட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. வெறும் மணலில் நடந்தால் குளம்பு தேயாமல் செருப்பு மாதிரி வளர்ந்துவிடும்; அதனால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழியில் சரளை கொட்டவேண்டும். மிரண்ட மிருகத்துக்குக் கம்பி வேலி கண்ணுக்குத் தெரியாது, போய் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். அதனால் வேலியில் சாக்குப் படுதா கட்டவேண்டும். கொட்டகைக்கு எப்போதும் இரண்டு வாசல். ஒரு வாசலில் முரடன் நின்றால், பயந்தவள் மறு வாசலால் வெளியேற வேண்டுமே. புது ஜோடியைச் சேர்க்கும்போது கிடாவின் கொம்பில் பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிடுவார்கள், குத்தினாலும் கிழியாது. மாட்டுப் பொங்கல் அன்று ஆல்பின் அந்தக் குழாய்களுக்கு நீலமும் சிவப்பும் அடித்துவிட்டான். டாக்டர் பார்த்துவிட்டு, "பச்ச இல்லையா?" என்று மட்டும் கேட்டாராம்.

"ஜோடி கிடைக்காத கிடாவெல்லாம் தனிக் கூட்டமா வச்சிருக்காங்க பெரியம்மா" என்றான் இன்னொரு கேசட்டில். "ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு, தீனிக்கு அடிச்சிக்கிட்டு, சாயங்காலம் ஆனா எல்லாம் ஒரே பக்கமா பாத்துக்கிட்டு நிக்குதுவோ. எங்க கேம்ப்ல நாங்க பன்னண்டு பேரு இருக்குற மாதிரியே இருக்கு." இருதயசாமி இதற்குச் சிரித்தான். ஃபிளோரா சிரிக்கவில்லை. "கல்யாணத்த சீக்கிரம் வச்சிடணும்" என்றாள்.

ஜோடி சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. ஒவ்வொரு மானுக்கும் ஒரு எண்; அதன் அப்பா அம்மா, தாத்தா பாட்டி யார் என்று வம்சப் படம் ஒன்று அலுவலகச் சுவரில். எந்தக் கிடாவை எந்தப் பெட்டையோடு விடுவது என்று எங்கேயோ வேறு நாட்டில் ஒருவர் எல்லாப் பண்ணைகளின் கணக்கையும் வைத்துப் பொருத்தம் பார்த்துச் சொல்வார். நெருங்கிய சொந்தத்தில் சேர்த்தால் கன்று நோஞ்சானாகலாம். அதனால் ஒரு பண்ணை மானை இன்னொரு பண்ணைக்குக் கொஞ்ச நாள் அனுப்பி வாங்குவதும் உண்டு. "ஜாதகமே பாக்காத மாதா கோவில் வேதக்காரன் நானு, இங்க வந்து மானுக்குப் பொருத்தம் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றான் ஆல்பின். நாங்கள் கேட்டுச் சிரித்துவிட்டு, கேசட்டைத் திருப்பிப் போட்டோம். எட்டாம் வகுப்புக்குப் பட்டாணிச் செடியை வைத்துப் பரம்பரைக் குணம் நடத்திய எனக்குக்கூட அது பட்டாணியோடு முடிந்த விஷயமாகத்தான் இருந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆடி மாதம். விண்ணரசி டிகிரி முடித்துவிட்டு, ஒரத்தநாட்டில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று முடிவாகி, சாமியாரும் மனு எழுதத் தயாராகிவிட்டார். அந்த நேரத்தில் அங்கே பாலைவனத்தில் மணல் காற்று வீசியது. அது ஒட்டகத்தையே தூக்கிக்கொண்டு போனது என்று நான் ஊரில் சொல்லியிருந்தேன். ஆல்பின் சொன்னபடி பார்த்தால் தூக்கிக்கொண்டு போனது தடுப்பு வேலிகளை மட்டும்.

டாக்டர் ஜெக்கரியா அன்றைக்குத்தான் விடுப்பில் ஊருக்குக் கிளம்பி விமானத்தில் இருந்தார். வேலி போனதால் மான்களை இருக்கிற பட்டிகளில் உடனே பிரித்து அடைக்கவேண்டும். துரை என்று ஆல்பின் பெயர் வைத்திருந்த பொலிகிடா ஒன்று; அதோடு எந்தப் பெட்டைகளை விடுவது என்பது கேள்வி. சொந்தத்தில் சேர்க்கக்கூடாது என்ற விதி ஆல்பினுக்குத் தெரியும். ஓடிப்போய்ச் சுவரில் இருந்த வம்சப் படத்தைப் பார்த்தான். நிதானமாக, கல்யாணப் பந்தியில் யாரை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று அவன் அம்மா பார்ப்பதைப் போலவே பார்த்தான். இரண்டு பெட்டைகள் துரையின் அப்பாவோடு பிறந்த கிடாவின் மகள்கள். சித்தப்பா மகள், தங்கை முறை, கூடவே கூடாது. அவற்றைத் தூரத்துப் பட்டியில் அடைத்தான். ராணி என்கிற பெட்டை துரையின் அம்மாவோடு பிறந்த கிடாவின் மகள். அவள் இங்கேயே பிறந்து, ஒரு வருஷம் வேறு பண்ணைக்கு அனுப்பப்பட்டு, அப்போதுதான் திரும்பியிருந்தாள். தாய்மாமன் மகள். முறை சரியாக இருக்கிறது. அவளைத் துரையோடு விட்டுக் கதவைச் சாத்தினான். ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்த திருப்தியோடு போய்த் தூங்கினான்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் திரும்பினார். பட்டியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

"ஆல்பின், ராணிய யாருப்பா இங்க வுட்டது?"

"நான்தான் சார்."

"படத்தப் பாத்தியா?"

"பாத்துத்தான் சார் வுட்டேன். சித்தப்பா பொண்ணுவோ ரெண்டையும் அந்தாண்ட வச்சிட்டேன், தங்கச்சி முறைல்ல. இது தாய்மாமன் பொண்ணு சார். கட்டிக்கிற முறைதான்."

டாக்டர் பக்கத்தில் இருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாராம்.

"நானும் தரங்கம்பாடிதான். எனக்கு முறை தெரியும். மானுக்கு எப்படிய்யா தெரியும்?"

பிறகு மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். ஒரு தாத்தா, ஒரு பாட்டி. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு குழந்தை. அந்த இரண்டு பிள்ளைகளும் அண்ணன் தம்பியாக இருந்தால் என்ன, அண்ணன் தங்கையாக இருந்தால் என்ன. குழந்தைகளுக்குள் ரத்தம் ஒரே தூரம்தான். ஆல்பின் அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப சித்தப்பா பொண்ணும் மாமன் பொண்ணும் ஒண்ணுதானா சார்?" என்று கேட்டான். ஒன்றுதான் என்றார் அவர். ராணியைத் தனியாகப் பிரித்தார்கள். அவள் சாணத்தைப் பரிசோதித்ததில் சினை என்று தெரிந்தது. சித்திரையில் ஈனுவாள் என்று டாக்டர் கணக்குப் போட்டார்.

அன்றைக்கு ஆல்பின் எனக்குப் போன் செய்தான்.

"பெரியம்மா, நம்ம வூட்டுல எத்தன தலமுறையா சொந்தத்துலயே கட்டிக்கிட்டிருக்கோம்?"

"ஏண்டா?"

"சொல்லுங்களேன்."

"உங்க பாட்டி, உங்க அம்மா. நீ கட்டுனா மூணு."

"மூணு" என்று தானே ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டான்.

"எனக்கு விண்ணரசி வேணாம் பெரியம்மா. நீங்களே மாமாகிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். இருதயசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தான். "ஒரு மானப் பாத்துட்டு எம் பொண்ண வேணாங்கிறானா? நாங்க அத்தன பேரும் சொந்தத்துல பொறந்தவங்கதான். எங்களுக்கு என்னா கொற?" என்றான். ஃபிளோரா அழுதாள். சாமியார் வந்தார். ஆயரின் அனுமதி வெறும் சடங்கு இல்லை, யோசித்துச் செய்யவேண்டியது என்று அவரே முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை.

விண்ணரசி மட்டும் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, நிதானமாகக் கேட்டாள்: "அந்த மானு இன்னும் கன்னு போடலல்ல?"

"போடல."

"அப்ப போடட்டும். கன்னு நல்லா இருக்கா, நோஞ்சானா இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் பேசுவோம். அதுவரைக்கும் ஒரு தேதியும் குறிக்காதீங்க."

இருதயசாமிக்கு இது பிடித்துப்போயிற்று. எங்கள் குடும்பத்துப் பெண் எவ்வளவு தைரியமாகப் பேசுகிறாள் என்று பெருமைப்பட்டான். ஒரு கன்றை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது என்று டாக்டர் ஜெக்கரியா ஆல்பினிடம் சொன்னாராம். எங்கள் ஊரில் அதைக் கேட்பார் இல்லை. ஏதோ ஒரு பாலைவனத்தில், யாரும் பார்த்திராத ஒரு மானின் வயிற்றில், எங்கள் வீட்டுக் கல்யாணம் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு எங்களுக்குத் தெருவில் நடக்க முடியவில்லை. பால் சொசைட்டியில் கேனை வைக்கும்போதே, "மானு எப்படி இருக்கு?" என்பார்கள். மடி இறங்கிவிட்டதா என்று ஒருத்தி கேட்டாள். சினைக்குக் கருப்பட்டி கரைத்துக் கொடுக்கச் சொன்னாள் இன்னொருத்தி. "ஆயருக்கு மனுவுல என்னான்னு எழுதறது? மான் இன்னும் ஈனல, பொறுங்கன்னு எழுதட்டுமா?" என்று சாமியார் என்னிடம் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

ஃபிளோரா வேளாங்கண்ணிக்கு நடந்தே போனாள். அங்கே நேர்த்திக்கடனுக்கு வெள்ளித்தகட்டில் கை, கால், கண், வீடு, குழந்தை எல்லாம் விற்பார்கள். மான் இல்லை. மாடுதான் இருந்தது. "இது கொம்பு வளைஞ்சிருக்கு. எங்களுது நேர்க்கொம்பு" என்று கடைக்காரரிடம் சொல்லி, அவர் கொம்பையே ஒடித்துவிடப் போகிறாரே என்று பயந்து பயந்து நிமிர்த்தித் தரச் சொன்னாளாம். மாதாவுக்குப் புரிந்தால் சரி என்று காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

பொங்கல் முடிந்து சில நாளில், ஒரு விடியற்காலை ஆல்பின் தீனி எடுத்துக்கொண்டு போனபோது, ராணியின் காலடியில் பழுப்பு நிறத்தில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஒரிக்ஸ் கன்று பிறக்கும்போது வெள்ளையாக இருக்காதாம், மணல் நிறத்தில் இருக்குமாம். அவன் வாளியைக் கீழே வைத்தான். கன்று நான்கு காலையும் நான்கு திசையில் ஊன்றி நின்று, ஒருமுறை விழுந்து, எழுந்து, போய் மடியை முட்டிக் குடித்தது. கண் சுத்தம், கால் நேர், குரல் கணீர். ஆல்பின் டாக்டரைக் கூட்டிவர ஓடினான்.

டாக்டர் வந்து பார்த்தார். கன்றைப் பார்த்தார். ராணியைப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"எப்பய்யா இத துரையோட வுட்ட?"

"ஆடியில சார்."

"இப்ப தை. இதுக்கு எட்டு மாசத்துக்கு மேல ஆவணும். இது மாசம் முழுசா நெறஞ்சு பொறந்த கன்னு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ அந்தப் பண்ணையிலேருந்து வரும்போதே வயித்துல வாங்கிட்டு வந்திருக்கா. அங்க சேரவே இல்லன்னு சொல்லி அனுப்பினாங்க. அவங்க கண்ணு அசந்த நேரத்துல சேந்திருக்கு. இது நமக்குப் புது வம்சம்."

"அப்ப துரை?"

"அவன் ஒரு மாசம் கூட இருந்தானே, இவ பக்கத்துல அவன் போயி நீ பாத்திருக்கியா?"

ஆல்பின் யோசித்தான். "இல்ல சார். வந்தாலே முட்டுவா. ரெண்டும் ஒரே பட்டியில ஒண்ணா வளந்த கன்னுவோ. சின்னதுல வெளயாடும், அவ்வளவுதான்."

"அதான். ஒண்ணா வளந்ததுங்க பல சமயம் ஒண்ண ஒண்ணு ஜோடியா பாக்காது. படத்துல எழுதறதுக்கு முன்னாடியே அதுங்களே பாதி வேலய முடிச்சிடும்."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இருதயசாமி வீட்டுக்கும் அதற்குள் போன் வந்துவிட்டது. பூசை முடிந்து எல்லோரும் அங்கே இருக்கும்போது மணி அடித்தது. எடுத்தவள் நான்.

"கன்னு பொறந்துடுச்சு பெரியம்மா. ஜம்முன்னு நிக்குது."

அதை நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். ஃபிளோரா சிலுவை போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். இருதயசாமி, சாமியாரைக் கூட்டிவர யாராவது ஓடுங்கள் என்றான். அடுத்த வீட்டிலிருந்து சர்க்கரை வந்தது. இந்தச் சத்தத்துக்கு நடுவே ஆல்பின் மீதிக் கதையை, துரை தகப்பன் இல்லை என்பதை, ராணி அவனைக் கிட்டவே சேர்க்கவில்லை என்பதை என் காதில் சொன்னான். அது என் காதுக்கு மட்டும்தான் கேட்டது. கேட்டேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. இது அவள் விஷயம், முதலில் அவளுக்குத்தான் தெரியவேண்டும் என்று ரிசீவரை விண்ணரசி கையில் கொடுத்தேன்.

"என்னடா?" என்றாள் அவள். கேட்டாள். "யாரோட கன்னு?" மறுபடி கேட்டாள். "முட்டுனாளா? ஏனாம்?" அவன் சொன்னதை முழுவதும் கேட்டாள். "ஒண்ணா வளந்ததனாலயா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, கன்னு அந்தக் கிடாவோடது இல்ல. அதனால அதவச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நான் சொல்றேன். எனக்கு ஆல்பின் வேணாம்."

"முறைடி" என்றான் இருதயசாமி.

"முறைதான். நான் இல்லன்னு சொல்லல. ஒரே தட்டுல தின்னு, ஒரே செரங்குக்கு ஒரே மருந்து பூசிக்கிட்டு வளந்தோம். அவன அத்தான்னு கூப்புடுன்னு அம்மா குட்டிக் குட்டி என் மண்டையில ஒரு எடமே வீங்கிக் கெடக்கு. வாய்க்கே வரலப்பா. அப்புறம் வாழ்க்கைக்கு எங்க வரும்?" பிறகு ரிசீவரில், "டேய், உனக்கு?" என்றாள். பதிலைக் கேட்டு, "அவனுக்கும் அதேதானாம். ரத்தம்னு டாக்டர் சொன்னது ஒரு சாக்கா கெடச்சுதாம். மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா தடியா" என்றாள்.

இருதயசாமி கிறிஸ்துமஸ் வரை ஃபிளோரா வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. பிறகு குடித்தான். விண்ணரசி திருச்சியில் எம்.சி.ஏ. சேர்ந்து, சென்னையில் வேலைக்குப் போய், அங்கேயே வலங்கைமான்காரர் ஒருவரை, எங்களுக்கு எந்த வகையிலும் சொந்தம் இல்லாதவரை, அவளாகவே பார்த்துக் கட்டிக்கொண்டாள். ஆல்பின் கட்டியது டாக்டர் ஜெக்கரியாவின் அக்கா மகள் ஃபெபியை. அவள் லூத்தரன், அவன் கத்தோலிக்கன். மறுபடியும் ஆயருக்கு மனு. "போன தடவ ரொம்பக் கிட்ட இருக்குன்னு எழுதினேன், இந்தத் தடவ ரொம்பத் தூரத்துல இருக்குன்னு எழுதறேன்" என்றார் சாமியார்.

அந்த மான் கன்று பதிவில் ஏறி, எண் வாங்கி, வளர்ந்து, மூன்று பண்ணைகளுக்குப் போய் வந்தது. ஆல்பின் தலைமைப் பராமரிப்பாளன் ஆகி, இன்னும் சில வருஷம் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பினான். இப்போது பசு வைத்திருக்கிறான். கொட்டகைக்கு இரண்டு வாசல், வாசலில் சரளை. ஊரில் யார் வீட்டு மாட்டுக்குச் சினை ஊசி போட வந்தாலும், போன தடவை எந்தக் காளை, அதன் அம்மா யார் என்று நின்று விசாரிக்காமல் விடமாட்டான். ஊசி போட வருகிறவர் அவனைத் தூரத்தில் பார்த்ததுமே வண்டியைத் திருப்பிவிடுகிறார். இது கொஞ்சம் என் சரக்கு. அவர் திருப்பமாட்டார், வேகத்தை மட்டும் கூட்டுவார்.

இதை எழுதி முடித்ததும், குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று வந்திருந்த விண்ணரசியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நடுநடுவே சிரித்துக்கொண்டு, போன் பேசும் இடம் வரை படித்தாள். அங்கே நிறுத்தினாள்.

"அத்தே, இத மாத்தி எழுதுங்க. ரிசீவர நீங்க எங்கிட்ட குடுக்கல."

"பின்ன?"

"வாய்ப்பக்கத்த கையால பொத்திக்கிட்டு, அப்பாகிட்ட, 'கன்னு நல்லாருக்காம், சித்திரையிலயே வச்சிக்கலாம்'னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. நான்தான் புடுங்குனேன்."